வாகனம் ஓடாத வழிகள்: இலங்கை மலையகத் தோட்டப் பாதைகளின் வரலாறு

முன்னுரை

மோட்டார் வாகனங்களின் இரைச்சல் எட்டாத சரளைப் பாதைகளைத் தேடி மலைப்புறங்களுக்குச் செல்லும் வழக்கம் இன்று உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. நடையாளர்கள் மட்டுமன்றி, கல்லும் மண்ணும் கலந்த வழிகளுக்கென்றே செய்யப்பட்ட அகன்ற சக்கர மிதிவண்டிகளில் செல்வோரும் இத்தகைய பாதைகளை நாடுகின்றனர். ஸ்பெயின் நாட்டில் கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளை 1993ஆம் ஆண்டு முதல் 'பசுமை வழிகள்' என்னும் பெயரில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரியனவாக மாற்றி வருகின்றனர். சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு இரயில் போக்குவரத்து நின்றபின், தீவை ஊடறுத்துச் செல்லும் ஏறத்தாழ 24 கி.மீ. நீளமான பழைய இரயில் தடம் பொதுமக்களின் நடைவழியாக மாறியதை நாம் அறிவோம்.

இவ்வழிகளைப் பயன்படுத்துவோர் அவற்றை இயற்கையின் கொடையாகக் கருதுவதே பெரும்பான்மை. ஆனால், மலையில் மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய ஒரு பாதை இயற்கையாக அமைவதில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு பாரத்தை ஏற்றி இறக்கும் பொருட்டு அளந்து, வெட்டி, கல் பதித்து அமைத்ததாலேயே அது அவ்வாறு இருக்கிறது. பின்னர் அந்தப் பாரம் வேறு வழியில் செல்லத் தொடங்கியதால் அது வெறிச்சோடுகிறது. அமைத்ததற்கும் வெறிச்சோடியதற்கும் இடைப்பட்ட கதையே அப்பாதையின் வரலாறு.

இக்கட்டுரை இலங்கை மலையகத்தின் தோட்டப் பாதைகளை எடுத்துக்கொண்டு அக்கதையை ஆராய முற்படுகின்றது. 2020களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும் அமெரிக்க அரசின் அப்போதைய வெளிநாட்டு உதவி நிறுவனமாகிய யு.எஸ்.எய்டின் உதவியோடும், இப்பாதைகளை இணைத்து 'பெக்கோ வழித்தடம்' என்னும் நெடுவழி உருவாக்கப்பட்டது. கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, 22 பகுதிகளாக, 300 கி.மீ.க்கும் மேல் வளைந்து சென்று நுவரெலியாவில் முடிவது இது. கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, அப்புத்தளை, எல்ல என்று இது தொட்டுச் செல்லும் ஊர்களுள் பெரும்பாலானவை தமிழ்த் தொழிலாளர் வாழும் தேயிலைப் பகுதிகள். நடைவழியாகத் திட்டமிடப்பட்டதாயினும் அதன் பல பகுதிகள் மிதிவண்டிக்கும் ஏற்றவை.

இப்பாதைகளிடத்து வருகையாளர் பாராட்டும் தன்மைகள் மூன்று: ஏற்றம் மென்மையாக இருத்தல், கல் பதித்த உறுதியான தளம், வாகனங்கள் இன்மை. முதல் தன்மை மாட்டு வண்டியால் வந்தது; இரண்டாவது தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் வந்தது; மூன்றாவது அத்தொழிலாளர் புறக்கணிக்கப்பட்டதால் வந்தது என்பதே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்து.

பாதையை மறைத்த அரசும் பாதையை வெட்டிய அரசும்

கண்டி அரசின் காலத்தில் மலைநாட்டில் வழிகள் இல்லாமலில்லை. பொதி சுமந்த எருதுகளின் அணி உப்பும் துணியும் கருவாடும் கொண்டுவந்து பாக்கும் மிளகும் கொண்டு சென்றது. சிங்களத்தில் 'தவளம' எனப்படும் இவ்வணிகத்தில் முஸ்லிம் வணிகர் சிறப்பிடம் பெற்றிருந்தனர். இன்றைய வழித்தடம் கடந்து செல்லும் தவலந்தென்ன என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல்லின் எதிரொலியைக் கேட்க முடிகிறது. எனினும், அகன்ற பாதைகள் அமைவதைக் கண்டி மன்னர்கள் விரும்பவில்லை. அடர்ந்த காடும், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதையும், வழியை அடைத்த முள்வேலிக் கதவுகளும் அவர்களுக்கு அரணாக விளங்கின. கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விவரித்துள்ளார்.

1815இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1817-18ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது, பாதையில்லாத மலையைப் படையால் மட்டும் ஆள முடியாது என்பதை உணர்ந்தனர். ஆகவே, எட்வர்ட் பார்ன்ஸ் ஆட்சிப்பொறுப்பேற்ற 1820ஆம் ஆண்டு முதல் கொழும்பு-கண்டிச் சாலைப் பணி விரைவுபெற்றது. மலையகத்தின் முதல் சாலைகள் இராணுவத் தேவைக்காகப் பிறந்தவை. வாணிகம் பின்னரே அவற்றின்மீது ஏறிக்கொண்டது. இப்பணியில் இளைஞராக நுழைந்த தாமஸ் ஸ்கின்னர் 1867இல் ஓய்வு பெறும்வரை இலங்கையின் சாலைகளை அமைப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார். அவருடைய தன்வரலாறு அவர் இறந்தபின் 1891இல் வெளிவந்தது.

சாலையை வெட்டியோர் யாவர்? தொடக்கத்தில் 'இராஜகாரிய' என்னும் கட்டாய ஊழிய முறையின்கீழ்ச் சிங்களக் கிராமத்தவர் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களோடு, தென்னிந்தியர் பெருமளவில் இடம்பெற்ற 'பயனியர்' படை என்னும் நிலையான சாலைப் பணிப்படையும் உழைத்தது. 1832இல் இராஜகாரிய முறை நீக்கப்பட்ட பின்னர்க் கூலி உழைப்பின் தேவை மிகுந்தது. 1848இல் கொண்டுவரப்பட்ட சாலைச் சட்டம், ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் சாலையில் உழைக்க வேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. மலையகப் பாதைகளின் அடியில் சிங்கள உழவரின் வியர்வையும் தமிழ்க் கூலியாளரின் வியர்வையும் கலந்துள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

வந்த வழி

கோப்பிப் பயிர் 1830களிலிருந்து மலைச்சரிவுகளில் பரவியது. அதற்கான உழைப்பாளர் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் தலைமையில் திரண்டு வந்தனர். இராமேசுவரம் பக்கத்துக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் நடந்தனர். வறண்ட வன்னிக் காடுகளினூடே சென்ற இவ்வழி 'வடக்குப் பாதை' என்று ஆவணங்களில் குறிக்கப்படுகிறது. நீரின்மையாலும் கொள்ளைநோயாலும் வழியில் மாண்டோர் பலர். மாண்டோரின் தொகை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது பெருந்தொகை என்பதில் ஐயமில்லை.

கோப்பி பருவப் பயிராதலின், அறுவடை முடிந்ததும் பலர் அதே வழியே ஊர் திரும்பினர். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். எனவே, தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்தனர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவையும் அதனோடிணைந்த இரயிலும் வந்தபின் வடக்குப் பாதையின் நெடுநடை வழக்கொழிந்தது. ஆனால், இரயில் நிலையத்திலிருந்து தோட்டத்து லயம் வரையிலான இறுதி மைல்கள் தோட்டப் பாதையில் நடந்தே கடக்கப்பட்டன.

சரிவின் கணக்கு

இனி, பாதையையே ஓர் ஆவணமாகக் கொண்டு வாசிப்போம். கோப்பி மூட்டைகளைக் கீழே கொண்டு செல்லவும் அரிசியை மேலே கொண்டு வரவும் தோட்டங்கள் மாட்டு வண்டியையே நம்பியிருந்தன. மாடு ஏற முடியாத சரிவு வண்டிப் பாதைக்கு உதவாது. 20 அடி தூரம் சென்றால் ஓரடி உயரும் சரிவை எடுத்துக்கொள்வோம். 1,000 அடி உயரத்திலுள்ள தொழிற்சாலையை அச்சரிவில் அடைய 20,000 அடி, அதாவது நான்கு மைலுக்குச் சற்றுக் குறைவான பாதை வேண்டும். நேரே ஏறினால் அரை மைலுக்குள் முடியக்கூடிய தொலைவு இவ்வாறு மலையைச் சுற்றிச் சுற்றி நீள்கிறது. இன்று மிதிவண்டியில் செல்வோர் களைப்பின்றி ஏறும் வளைவுகள் அனைத்தும் மாட்டின் வலிமையைக் கொண்டு கணக்கிடப்பட்டவை.

இக்கணக்கைச் செய்ய எளிய கருவி ஒன்று பயன்பட்டது. 'சிலோன் காட் டிரேசர்' என்னும் அதன் பெயரை இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் நில அளவைப் பாடநூல்களில் இன்றும் காணலாம். ஒரு கோலில் தொங்கவிடப்பட்ட குழாய்; அதன் ஒரு முனையில் பார்க்கும் துளை, மறுமுனையில் குறுக்குக் கம்பி; குழாயின்மேல் நகர்த்தக்கூடிய ஓர் எடை; சரிவைக் குறிக்கும் அளவுகோடுகள். இவ்வளவே அக்கருவி. வேண்டிய சரிவுக்கு எடையை நகர்த்தி நிறுத்தி, அதே உயரமுள்ள இலக்குக் கோலைப் பிடித்த ஒருவரை மலைச்சரிவில் மேலும் கீழும் நகரச் செய்து, குழாயினூடே கோலின் குறி தெரியும் இடத்தில் முளை அடிப்பர். முளைகளை இணைத்தால் பாதை. ஒரு நாட்டின் பெயரையே ஒரு கருவி தாங்கி நிற்கிறது என்றால், அந்நாட்டில் மலைப்பாதை வெட்டும் கலை எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்பதை உய்த்துணரலாம்.

குழாயினூடே பார்த்தவர் துரையாக இருக்கலாம். இலக்குக் கோலைப் பிடித்துக்கொண்டு அட்டை கடிக்கும் காட்டுச் சரிவில் நின்றவரும், முளையின் வழியே மண்ணை வெட்டியவரும் தொழிலாளரே. மலைப்பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளப்பக்கம் கொட்டி, அது சரியாதபடி சாந்தின்றிக் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, உட்புறம் கான் வெட்டி, நீர் குறுக்கிடும் இடங்களில் கல் மதகு கட்டி, உடைத்த கல்லைப் பரப்பித் திமிசு போட்டு இறுக்கினர். ஆண்டுதோறும் பெருமழை பெய்யும் சரிவுகளில் நூறாண்டுக்கும் மேலாக நிலைத்து நிற்கும் கற்சுவர்களைப் பழக்கமற்ற கைகள் அடுக்கியிருக்க இயலாது.

இங்கு நம் துறைக்குரிய ஒரு குறைபாட்டைச் சுட்ட வேண்டியுள்ளது. புலம்பெயர் தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய ஆய்வுகள் அவர்களுடைய கடன், கூலி, நோய், சாவு ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. அவர்களுடைய தொழில்திறன் அரிதாகவே பேசப்பட்டுள்ளது. துன்பத்தின் சான்றுகள் அரசு அறிக்கைகளில் கிடைக்கின்றன. திறனின் சான்றுகள் மலைச்சரிவில் கிடக்கின்றன என்பது இதற்கொரு காரணமாகலாம். கோப்பிப் பயிர்த்தொழிலைப் பாடுபொருளாகக் கொண்டு ஆபிரகாம் ஜோசப் என்பார் 1869இல் தமிழில் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளியிட்டதும், புதிதாக வரும் சின்னத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க 'இங்கே வா' என்னும் தலைப்பிலேயே கையேடு அச்சிடப்பட்டதும், தோட்டத்தின் தொழில்மொழி தமிழாகவே இருந்ததைக் காட்டுகின்றன. கான், மதகு, கவ்வாத்து என்னும் சொற்களில் அத்தொழிலறிவு இன்றும் வழங்குகிறது.

பாதைகள் இருவகை என்பதும் கருதத்தக்கது. மலையைச் சுற்றிச் செல்லும் வண்டிப் பாதை ஒன்று. அதை இடையிடையே வெட்டிக்கொண்டு லயத்திலிருந்து கொழுந்து மலைக்கு நேரே ஏறும் குறுக்குப் பாதை மற்றொன்று. காலையில் பெரட்டுக்கு நேரத்தோடு சென்றாக வேண்டிய தொழிலாளிக்கு நான்கு மைல் சுற்றுவதற்கு நேரமில்லை. எனவே, சரக்குக்கு மென்மையான சரிவும், சரக்கை விளைவித்த மனிதருக்குச் செங்குத்தான படியும் வாய்த்தன. தோட்டத்தின் சமூக அமைப்பு முழுவதையும் இவ்விரு பாதைகளின் வேறுபாட்டில் கண்டுகொள்ளலாம்.

பாதையின் வாயிலில் காவல்

இன்று எவரும் கையில் நிலப்படத்தோடு நடக்கக்கூடிய இப்பாதைகள் நெடுங்காலம் பூட்டிய பாதைகளாகவே இருந்தன. தோட்டம் தனியார் சொத்து. அதன் பாதையும் தனியார் பாதை. இசைவின்றி நுழைந்தவர் அத்துமீறியவராகக் கருதப்பட்டார். 1920ஆம் ஆண்டையொட்டி மலையகத் தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசய்யர், துணி வணிகராக வேடமிட்டே தோட்டங்களுக்குள் செல்ல வேண்டியிருந்தது. மூட்டை சுமந்த வணிகனுக்குத் திறந்த வழி, செய்தியாளனுக்கும் தொழிற்சங்கத்தவனுக்கும் மூடியிருந்தது. மலையகத் தொழிற்சங்க வரலாறு ஒருவகையில் இப்பாதைகளில் நடக்கும் உரிமைக்கான போராட்டத்தின் வரலாறுமாகும்.

உள்ளே வருவோர்க்கு மட்டுமன்றி வெளியே செல்வோர்க்கும் தடையிருந்தது. கடன் தீராத தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாதபடி 'துண்டு' முறை அவரைக் கட்டிவைத்தது. பின்னர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர் எடுக்கப்பட்டது. இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இறங்கிச் சென்றதும் பாட்டன்மார் வெட்டிய இதே பாதைகளின் வழியேதான்.

வாகனங்கள் ஏன் இல்லை?

மூன்றாவது தன்மையாகிய வாகனமின்மைக்கு வருவோம். முதற்காரணம் போக்குவரத்து மாற்றம். இரயில் 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டியது. 1,898 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொலையை அது கடந்தபோது, நெடுந்தொலைவு மாட்டு வண்டிப் போக்குவரத்தின் காலம் முடிந்துவிட்டது. பின்னர் லாரிகள் வந்தன. அவை ஓடும் முதன்மைச் சாலைகள் தார் பெற்றன. தோட்டத்தின் உட்பாதைகள் கொழுந்து ஏற்றும் வண்டிக்கு மட்டும் உரியனவாகிப் பழைய கல்தளத்தோடே நின்றன.

ஆயினும், இது விளக்கத்தின் ஒரு பாதியே. உலகின் பல நாடுகளில் பழைய தோட்டப் பாதைகள் ஊர்ச் சாலைகளாக வளர்ந்துள்ளன. ஆயிரக்கணக்கானோர் வாழும் மலையகத்தில் அவ்வாறு நிகழாதது ஏன்? 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் நிறுவனங்களிடம் சென்றது. எந்நிலையிலும் பாதைகள் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே இருந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, உள்ளூராட்சி மன்றங்கள் தோட்டக் குடியிருப்புகளுக்கெனச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினரே அவர்களுடைய லயத்துப் பாதையில் ஒரு வண்டிக் கல் கொட்ட முடியாத நிலை. 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே இத்தடையை நீக்கியது.

எனவே, வருகையாளர் அமைதியாகக் காணும் வெறுமை, அங்கு வாழ்வோர்க்கு முப்பதாண்டுக் காலம் சட்டத்தால் நீடித்த பற்றாக்குறையாக இருந்தது. பேருந்து வராத பாதையில் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தனர். ஊர்தி வராத பாதையில் நோயாளிகள் சுமந்து செல்லப்பட்டனர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியபோது, மண்சரிவுகள் சாலைகளையும் இருப்புப் பாதையையும் துண்டித்தன. குடியிருப்புகள் பல தனித்துப்போயின. சரளைப் பாதையின் அழகு உல்லாசப் பயணிக்கு ஒரு நாள். அதன் பராமரிப்போ, அங்குள்ளோர்க்கு வாழ்வா சாவா என்னும் வினா.

மலாயாத் தொடர்பு

இவ்வரலாறு நம் நாட்டுக்குப் புறம்பானதன்று. மலாயாவின் முதல் இருப்புப் பாதையாகிய தைப்பிங்-போர்ட் வெல்ட் வழி 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. எட்டு மைல் நீளமான அதனை அமைக்க இலங்கையிலிருந்து 'பயனியர்' படையின் இரு பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. கண்டி மலைகளில் சாலை வெட்டிப் பழகிய அமைப்பே பேராக்கின் சதுப்பு நிலத்தில் தண்டவாளம் பதித்தது. இலங்கையில் பெற்ற திறன் கடல் கடந்து இங்கு வந்து சேர்ந்ததற்கு இது தெளிவான சான்று.

நம் தோட்டப்புறங்களின் செம்மண் சடக்குகளும் இவ்வாறே வாசிக்கத்தக்கவை. இரப்பர் மரங்களின் நிரைகளுக்கிடையே சென்ற சடக்குகள் பல செம்பனைத் தோட்டத்து வழிகளாக மாறின. பல, வீடமைப்புத் திட்டங்களின் அடியில் மறைந்தன. எஞ்சியவற்றில் விடுமுறை நாட்களில் மிதிவண்டிக் குழுக்கள் செல்கின்றன. இலங்கையில் பாதை இருக்கிறது, அதை அமைத்தோரின் வழிவந்தவரும் அதன் அருகிலேயே இருக்கின்றனர். இங்கோ, மக்கள் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்துவிட்டனர். பாதையின் கதையைச் சொல்லக்கூடிய முதியோர் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. இவ்வேறுபாடு நம் பணியை மேலும் விரைவுபடுத்த வேண்டும்.

பெயர்ப்பலகையில் எழுத வேண்டியது

சுற்றுலா வழித்தடத்தை நாம் எதிர்க்கவில்லை. மூடியிருந்த பாதை திறந்திருப்பது நன்றே. வழியோரத்துத் தேநீர்க் கடைக்கும், விருந்தினர்க்கு அறை தரும் இல்லத்துக்கும், வழிகாட்டியாகச் செல்லும் இளைஞருக்கும் அதனால் வருவாய் உண்டாகலாம். ஆனால், திறந்த பாதையில் எவருடைய வரலாறு சொல்லப்படுகிறது என்பது பொருட்படுத்த வேண்டிய வினா. தோட்டத்தை நிறுவிய துரையின் பெயரும் பயிரிட்ட ஆண்டும் எளிதில் கிடைக்கும். 1892இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் இறந்தபோது, அவருடைய உடலைத் தோட்டத்து ஆட்கள் முறை மாற்றி முறை மாற்றிக் கண்டி வரை சுமந்து சென்றனர். மஹியாவை இடுகாட்டில் அவருக்குக் கல்லறை உண்டு; சுமந்தவர் பெயரை எந்தக் கல்லும் தாங்கவில்லை.

தனிமனிதர் பெயர்கள் கிடைக்காவிடினும் எழுதுவதற்குச் செய்திகள் நிறைய உள்ளன. இவ்வளைவு ஏன் இவ்வாறு வளைகிறது, இச்சுவர் எவ்வாறு அடுக்கப்பட்டது, இக்குறுக்குப் பாதையில் யார் நடந்தனர் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். தோட்டங்களுக்குத் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர்கள், அலுவல்முறைப் பெயர்களிலிருந்து வேறானவை. அவற்றைப் பலகையில் சேர்க்கலாம். வட்டகொடைப் பகுதியில் மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, கவிஞராகவும் தொழிற்சங்கத்தவராகவும் மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். அவர் பிறந்த மண்ணை அடுத்துச் செல்லும் வழித்தடத்தில் அவருக்கு ஓரிடம் உரியதே.

இத்தகைய முயற்சியை மக்கள் தாமே ஒருமுறை நடந்து காட்டியுள்ளனர். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு, ஆகஸ்டு நடுப்பகுதியில் மாத்தளையை அடைந்த நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வடக்குப் பாதையை நினைவுகூர்ந்து, நிலத்துக்கும் வீட்டுக்கும் உரிய மதிப்புக்கும் குரல் எழுப்பிய நடை அது. அதே காலப்பகுதியில் உருவாகி வந்த உல்லாச வழித்தடம் மலைமேல் ஒரு வட்டம் போட்டது. ஒரே மக்களின் கால்கள் பதிந்த இரண்டு வழிகள். ஒன்று உரிமையையும் மற்றொன்று இன்பத்தையும் நாடிச் சென்றன. இவ்விரண்டையும் ஒரே நிலப்படத்தில் வரைவதே வரலாற்று ஆசிரியரின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

முடிவுரை

மலைப்புறத்துச் சரளைப் பாதையின் மென்மையான ஏற்றத்துக்குப் பின்னால் மாட்டின் வலிமையைக் கணக்கிட்ட பொறியியலும், உறுதியான தளத்துக்குப் பின்னால் எழுத்தில் பதிவாகாத கைத்திறனும், அமைதிக்குப் பின்னால் நெடுநாள் நீடித்த புறக்கணிப்பும் உள்ளன என்பதை இதுகாறும் கண்டோம். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத் தடையை நீக்கியுள்ளது. பாதைகள் அனைத்தும் அதனால் சீராகிவிடவில்லை.

நம் தமிழாசிரியர்கள் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. வகுப்பறைக் கட்டுரைப் பயிற்சிக்கு 'எங்கள் தோட்டத்துச் சடக்கு' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, மாணவர்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதிவரச் செய்யலாம். சடக்கின் பெயர் என்ன, அதை யார் வெட்டியதாகச் சொல்கிறார்கள், அதில் எந்நேரம் யார் நடந்தார்கள், இப்போது அது எங்கே இருக்கிறது என்னும் நான்கு கேள்விகளே போதும். அவ்வாறு திரளும் விடைகளை ஓரிடத்தில் தொகுத்து வைத்தால், அரசு ஆவணங்களில் இல்லாத வரலாறு ஒன்று நமக்குக் கிடைக்கும். சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும் காலத்திலேயே அதனைத் தொடங்குதல் வேண்டும்.